கண்ணுக்குத்தான் அந்த மருந்து

ரஞ்சித்குமாருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் அவனைப் பெற்றவள்தான். சில்லறைப் பொய்யெல்லாம் அவனே பழகிக்கொண்டான், அதற்கு யார் தயவும் தேவைப்படவில்லை. கேளம்பாக்கத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டே "இதோ நாவலூர் தாண்டிட்டேன் மேடம்" என்று போனில் சொல்லத் தெரியாமல் பிழைக்க முடியுமா? ஆனால் சாகப்போகிற மனிதனின் முகத்துக்கு நேராக நின்று, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வது வேறு வித்தை. அதைச் செங்கம்மாள்தான் மகனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

அது நாலு வருஷத்துக்கு முன்னால். ரஞ்சித்தின் அப்பா ராமதாஸ், படாளம் பக்கத்தில் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், வயிற்று வலி என்று படுத்தார். டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் முதல் வேலையாக உத்தரவு போட்டாள்.

"உங்க நைனாவாண்ட மூச்சு வுடக் கூடாது. வயித்துப் புண்ணுன்னு சொல்லு."

நம் பக்கத்தில் இதற்காக யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஊருக்கே தெரிந்திருக்கும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் மனசு விட்டுவிடுவார், மனசு விட்டால் அப்புறம் எந்த மருந்தும் ஏறாது என்பார்கள்.

செங்கம்மாள் அதை அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. "சொல்றப்ப துன்னுகினே சொல்லு," என்றாள். "அப்பன் சாவப் போறான்னா எந்தப் புள்ளைக்காவது இட்லி எறங்குமா? நீ துன்னுகினே சொன்னா நம்பிடுவாரு." ரஞ்சித் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இட்லியை மென்றுகொண்டே சொன்னான். ஒவ்வொரு வாயும் மண் மாதிரி இருந்தது. மருந்துப் புட்டிகளின் மேலிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார்கள். நரம்பில் ஏற்றிய மருந்துக்குச் சத்துத் தண்ணி என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் ரிப்போர்ட்டை வாங்கி வந்து, இதோ பாருங்க ஒண்ணும் இல்ல என்று காட்டினார்கள். டாக்டரையும் கெஞ்சிக் கூத்தாடி, பொங்கலுக்குள் டிராக்டரில் ஏறிவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்ல வைத்தார்கள். பாவம், அந்த மனிதருக்குச் சரியாகச் சிரிக்க வரவில்லை.

ஒரு நாள் ராமதாஸ் கேட்டேவிட்டார். "கற்பூரம் அடிச்சி சொல்லுடா."

தட்டில் கற்பூரம் எரிந்தது. ரஞ்சித் அம்மாவைப் பார்த்தான். அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, அடி என்று கண்ணால் சொன்னாள். அவன் உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்து, "வயித்துப் புண்ணுதான் நைனா," என்றான். கை சுட்டது. ராமதாஸ் மகனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா," என்றார். "புண்ணுதான்."

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, மகாபலிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, கடலில் கால் நனைக்க வேண்டும் என்றார். வேனில் படுக்க வைத்துக் கூட்டிப் போனார்கள். மூன்று பொட்டலம் சுண்டல் வாங்கச் சொல்லி, மனைவியையும் மகனையும் தின்னச் சொன்னார். தன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவருக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டோம் என்பதில் செங்கம்மாளுக்கு ஒரு பெருமையே உண்டு. காரியம் முடிந்த பதினாறாம் நாளில் நாலு பேர் முன்னால் சொல்லியும் இருக்கிறாள்.

சரி, இப்போது அவளுடைய கண் விஷயத்துக்கு வருவோம்.

படாளம் கூட்டுரோட்டில் அவளுக்கு ஒரு இட்லிக் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். ராமதாஸ் போன பிறகு, என்னோடு கேளம்பாக்கத்தில் வந்து இரு என்று ரஞ்சித் தலைகீழாக நின்று பார்த்தான். இந்தக் கடையை விட்டு அவள் நகரவில்லை. அப்படிப்பட்ட கடைக்குத்தான் அவளுடைய இடது கண் வேட்டு வைத்தது. காரணமே இல்லாமல் ஒழுக ஆரம்பித்தது. சிரித்தாலும் ஒழுகும், மகனைப் போனில் திட்டினாலும் ஒழுகும்.

"இன்னாக்கா, உன் கஷ்டத்தப் பாத்தா சட்னியே தொண்டைல எறங்கல," என்று ஒரு லாரிக்காரன் சொல்லியிருக்கிறான்.

"கஷ்டமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. துன்னுட்டுக் கெளம்பு," என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

வெறும் தண்ணீர் மட்டும் என்றால் சமாளித்திருப்பாள். சில மாதத்தில் கண்ணோரம் வீங்கி, அழுத்தினால் சீழ் வர ஆரம்பித்தது. சாப்பிட வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எதிர்க்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். கடை ஈ ஓட்டியது. செங்கம்மாளுக்கு அது தாங்கவில்லை. "கண்ணு போனாக்கூட பரவால்லடா, இந்த ஒழுகறது நின்னா போதும்," என்றாள்.

செங்கல்பட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரதீபா பார்த்தார். கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, மூக்கெலும்பில் சின்னதாகப் புது வழி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றார். போட்டார். இரண்டு மூன்று மாதம் கண் காய்ந்திருந்தது, கடையில் கூட்டம் திரும்பியது. அப்புறம் ஒரு நாள் மாவரைத்துக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் சொட்டென்று விழுந்தது.

மறுபடி செங்கல்பட்டு. டாக்டர் கண்ணோரத்து ஓட்டையில் உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்தினார். "தொண்டைல உப்புக் கரிக்குதாம்மா?" என்று கேட்டார். வழி திறந்திருந்தால் தண்ணீர் மூக்கு வழியாகத் தொண்டைக்கு வந்து கரிக்க வேண்டும். கரிக்கவில்லை. விட்ட தண்ணீர் அத்தனையும் கன்னத்தில் திரும்பி வழிந்தது.

டாக்டர் அவளுடைய முன்கையைத் திருப்பிப் பார்த்தார். எப்போதோ இட்லி ஆவி பட்ட தழும்பு, தோலுக்கு மேல் கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது.

"உங்க உடம்பு ரொம்ப நல்லா ஆறுற உடம்பும்மா. அதான் பிரச்சினை," என்றார். "நான் போட்ட வழியையும் காயம்னு நெனச்சு, சதை வளத்து மூடிடுச்சு. இந்த வாட்டி வழி போட்ட எடத்துல ஒரு மருந்தப் பஞ்சுல நனைச்சு, கொஞ்ச நேரம் வெச்சு எடுத்து, நல்லாக் கழுவிடுவேன். தழும்பு வளராம அது அடக்கி வெக்கும். எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்க உடம்புக்கு வெச்சுப் பாக்கலாம்."

"இன்னா வேணா வெய்யிம்மா. ஒழுகாம இருந்தா சரி," என்றாள் செங்கம்மாள்.

அந்த மருந்து ஆஸ்பத்திரியில் கைவசம் இல்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். அங்கேதான் வினை. ரஞ்சித் எதிரில் இருந்த மருந்துக் கடைக்குப் போனான். அம்மாவை வேனிலேயே உட்காரச் சொல்லியிருந்தான், ஆனால் அவள் என்றைக்குச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்? சோடா குடிக்கலாமென்று இறங்கி, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். நல்ல மனுஷன்தான், குரலில் அனுதாபம் வேறு.

"இது ஸ்டாக் வெக்கறது இல்ல தம்பி, சொல்லித்தான் வரவழைக்கணும். கேன்சர் பேஷண்டுக்குப் போடறது. வூட்ல யாருக்கு?"

ரஞ்சித் திரும்பினான். அம்மா சோடாப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய இடது கண் ஒழுகிக்கொண்டிருந்தது, அது எப்போதும் ஒழுகுகிற கண். இப்போது வலது கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவனுக்கே அந்த நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவை வேனில் ஏற்றிவிட்டு, எதையோ மறந்துவிட்டவன் போல ஆஸ்பத்திரிக்குள் ஓடி டாக்டரைப் பிடித்தான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வேகமாக வளர்கிற எதையும் அடக்குகிற மருந்து அது. புற்றுநோய்க்கு நரம்பில் நிறைய ஏற்றுவார்கள். இங்கே பஞ்சு நனைகிற அளவு, தழும்பை அடக்க. போன ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒன்றுமே இல்லை. உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை, ஒழுகுகிற கண்தான். அவன் உயிர் திரும்பி வந்து வேனில் ஏறினான். அவன் ஓடியதையும், மூச்சு வாங்கத் திரும்பி வந்ததையும் செங்கம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற மகன்கள் எதற்குப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

கண் சரியாகும் வரை கடையை மூடிவைத்து, அவளைக் கேளம்பாக்கம் வீட்டிலேயே தங்கவைத்திருந்தான். அங்கே அவன் மனைவி தமிழ்ச்செல்வி சோறு போட்டாள். சாதாரணமாகப் பேச வேண்டும் என்று ரஞ்சித் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தான். ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"யம்மா, அந்தக் கடைக்காரன் சொன்னத மனசுல வெச்சுக்காத. கண்ணுக்குத்தான் அந்த மருந்து. தழும்பு வராம இருக்க."

செங்கம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தட்டைப் பார்த்தாள்.

"துன்னுகினே சொல்றியே," என்றாள்.

அவன் கை பாதியில் நின்றது. தின்றால் பொய், தின்னாவிட்டால் துக்கம். பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். தமிழ்ச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கொழம்புல உப்பு தூக்கலா கீதா அத்த?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. போனில் அந்த மருந்தின் பெயரைப் போட்டுத் தமிழில் தேடி அம்மாவுக்குக் காட்டலாம் என்று போனான். வந்த முதல் வரியே புற்றுநோய் என்று ஆரம்பித்தது, சட்டென்று போனைக் கவிழ்த்தான். கவிழ்த்ததை அவள் பார்த்துவிட்டாள். தமிழ்ச்செல்வி பாவம் அத்தைக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது செய்யலாமென்று சுறாப்புட்டு செய்தாள். "ஆசப்பட்டதெல்லாம் ஆக்கிப் போட ஆரம்பிச்சிட்டீங்களா," என்றாள் செங்கம்மாள். சரி, பாசமாக இருந்தால்தானே சந்தேகம் என்று ரஞ்சித் பழையபடி எரிந்து விழுந்து பார்த்தான். "திட்டினா நம்பிடுவேன்னு பாக்கறியா," என்றாள். டாக்டர் பிரதீபாவிடமே கூட்டிப் போனான். அவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, படம் போட்டு, பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக் காட்டி, கடைசியில் அவள் தோளைத் தட்டிச் சிரித்தார். வெளியே வந்ததும் செங்கம்மாள் சொன்னாள்.

"நல்ல பொண்ணு. இன்னா அழகா சிரிச்சுகினே சொல்லுது. உங்க நைனாவப் பாத்த அந்த ஆம்பள டாக்டருக்கு இந்த சாமர்த்தியம் வரல."

"யம்மா, அது பொய், இது நெஜம்."

"ரிப்போர்ட்டு யாரோடதுடா? பக்கத்து பெட்டு ஆளோடதா?"

அவனுக்குச் சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் முரண்டு பிடிக்கவில்லை, அதுதான் கொடுமை. முரண்டு பிடித்தால் சண்டை போடலாம். அவன் நீட்டுகிற ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, இது நான் செய்து கொடுத்ததுதானே என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். ஆபரேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள். சாகப்போகிற கட்டைக்குக் கண் எதற்கு, அறுத்துக் கிழித்து ஆஸ்பத்திரியில் போட வேண்டாம், கடையிலேயே இருந்து கண்ணை மூடுகிறேன் என்றாள். கண்ணோரத்து வீக்கம் சிவந்து கன்னத்துக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. தள்ளிப்போட்டால் சீழ் கண்ணுக்குள் பரவிவிடும் என்று டாக்டர் போனில் எச்சரித்தார். இல்லாத நோய்க்குப் பயந்து இருக்கிற கண்ணைத் தொலைக்கப் போகிறாளே என்று ரஞ்சித்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது?

இதற்குள் விஷயம் படாளத்துக்குப் போய்விட்டது. செங்கம்மாளின் தம்பி உலகநாதன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். நாலு வருஷத்துக்கு முன்னாலும் அதே ஆப்பிள், அதே ஹார்லிக்ஸ். அக்காவிடம் மழை, நெல் அறுவடை என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார். கிளம்பும்போது ரஞ்சித்தை வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்லா சமாளிக்கிற மாப்ள. அக்கா மொகத்துல ஒண்ணும் தெர்ல. இப்டியே மெயின்டெய்ன் பண்ணு."

"மாமா, நெஜமாவே அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல மாமா."

"ஆமாமா, ஒண்ணும் இல்ல," என்று உலகநாதன் கண்ணடித்தார். பிறகு அவர் முகம் கோணியது. தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ரஞ்சித் மாமாவின் முதுகைத் தடவிக் கொடுத்தான். இல்லாத நோய்க்கு அழுகிறவரை வேறு எப்படித் தேற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினான். "யம்மா, இங்க வா. இப்ப சொல்றேன் பாரு."

அவன் கையை ஓங்குவதற்குள் செங்கம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டா. கைய சுட்டுக்காத."

"நெஜமா சொல்றேம்மா. இந்த வாட்டி நெஜம்."

"அன்னிக்கும் இந்தக் கையாலதான அடிச்ச," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "உம்மேல தப்பு இல்லடா. நாந்தான அடிக்கச் சொன்னேன்."

கற்பூரம் தானாக எரிந்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டுவிட்டு அணைந்தது. அவள் கையை விடவில்லை. ரஞ்சித் முப்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை, அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். நம்ப மாட்டேன் என்கிறாளே என்றுதான் அழுதான். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. அவன் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "ஆபரேஷன் பண்ணிக்கிறேன். கூட்டிகினு போ."

"நம்புறியா?"

"சரிப்பா," என்றாள். "கண்ணுதான்."

ரஞ்சித்துக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வாயிலிருந்து 'டா' தவிர வேறு கேட்டறியாதவன், அந்த 'ப்பா'வைக் கவனிக்கவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேனைக் கிளப்பினான்.

மருந்து வந்து சேர்ந்தது, ஆபரேஷனும் நடந்தது. டாக்டர் பிரதீபா மறுபடி வழி போட்டு, மருந்து நனைத்த பஞ்சை வைத்து எடுத்துக் கழுவி, வழி மூடாமலிருக்க மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றையும் விட்டு வைத்தார். செங்கம்மாள் இம்மி கூட முரண்டு செய்யவில்லை. மூக்கைச் சிந்தாதே என்றால் சிந்தவில்லை, சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொண்டாள். அவள் இவ்வளவு சொன்னபடி கேட்டு ரஞ்சித் பார்த்ததே இல்லை. மருந்து பலித்துவிட்டது, அம்மாவும் மாறிவிட்டாள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நடுவில், கடையை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாலு நாள் படாளத்துக்குப் போய்வந்தாள். வரும்போது கையில் ஒரு பை மட்டும் கொண்டு வந்தாள்.

குழாயை எடுத்து, அதற்கப்புறமும் ஆறு மாதம் விட்டு டாக்டர் கடைசியாகப் பார்த்தார். கண்ணோரத்தில் உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். கன்னத்தில் ஒரு சொட்டு கூட வழியவில்லை.

"தொண்டைல உப்புக் கரிக்குதாம்மா?"

"கரிக்குது," என்றாள் செங்கம்மாள்.

டாக்டர் ரஞ்சித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தழும்பு வளரவில்லை, வழி அப்படியே திறந்திருக்கிறது, இனிமேல் வரவே வேண்டாம் என்றார். ரஞ்சித்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூத்தாடலாம் போலிருந்தது. அந்த மருந்துக் கடைக்காரரைக் கூட மன்னித்தான்.

"யம்மா, அடுத்த வாரமே கடையத் தொறந்துடலாம்," என்றான் வேனைத் திருப்பிக்கொண்டே. "எதுத்த கடைக்காரன் வயிறு எரியணும்."

"கடையா? குண்டான், தட்டு, பெஞ்சு எல்லாம் நம்ம பக்கத்து வூட்டு ஞானம்மாளாண்ட குடுத்துட்டேன்பா. பொட்டப் புள்ளைய வெச்சிகினு கஷ்டப்படறா. பொழச்சிக்கட்டும்."

"எப்ப குடுத்த?"

"அப்பவே. நாலு நாள் போனனே."

எந்தக் கடைக்காக இத்தனை பாடும் பட்டார்களோ அந்தக் கடை போய்விட்டது. ரஞ்சித் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்போரூர் ரோட்டுக்குத் திரும்பப் போனவனை நிறுத்தினாள்.

"வூட்டுக்கு வேணாம்பா. திருக்கழுக்குன்றம் பக்கம் வுடு. என்னிய மகாபலிபுரம் கூட்டிகினு போ. கடல்ல கால் நனைக்கணும்."

ரஞ்சித் வேனை ஓரங்கட்டி நிறுத்தினான். அப்போதுதான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக உறைத்தது. சரிப்பா, கண்ணுதான். சரிப்பா, புண்ணுதான். நைனாவும் இப்படித்தான் ஒரு நாள் கேட்பதை நிறுத்தினார். அவரும் இப்படித்தான் திடீரென்று சொன்னபடி கேட்டார். அவர் நம்பிவிட்டார் என்று அம்மாவும் மகனும் அன்றைக்கு ரகசியமாகச் சந்தோஷப்பட்டார்கள். அவர் கையைச் சுட்டுக்கொண்டு பொய் சொல்கிற மகனைப் பார்க்கச் சகிக்காமல்தான் தலையாட்டியிருக்கிறார். இதை அம்மா எப்போது புரிந்துகொண்டாள்? கற்பூரம் அணைந்த அன்றைக்கா?

"யம்மா," என்றான். "உனக்கு சத்தியமா..." எந்த வார்த்தையை எடுத்தாலும் அது ஏற்கெனவே செலவாகியிருந்தது.

"தெரியும்பா. கண்ணுதான். நல்லாயிடுச்சு. வண்டிய எடு," என்றாள் அவள்.

மகாபலிபுரத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. காலேஜ் பிள்ளைகள் அலையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்கம்மாள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றாள். பிறகு மணலில் வந்து உட்கார்ந்து இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கினாள். ஒன்றை மகனிடம் கொடுத்தாள். "துன்னு. சூடா கீது."

அவன் தின்றான். தின்னாவிட்டால் அவள் பார்ப்பாள். அவள் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். உன் உடம்பில் ஒன்றுமில்லை, நீ இன்னும் இருபது வருஷம் இருப்பாய் என்று அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இருபது வருஷம் இருந்து காட்டினால்தான் அவள் நம்புவாள். அதுவரை ஒவ்வொரு நாளும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளா?

அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கண்ணும் துடைத்துவிட்ட மாதிரி காய்ந்திருந்தன. டாக்டர் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருந்தார், கன்னத்தில் பொட்டு ஈரம் இல்லை. அவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, எதையோ திரும்பத் திரும்ப விழுங்குகிற மாதிரி.

"இன்னாமா?" என்றான்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள் செங்கம்மாள். "தொண்டைல உப்புக் கரிக்குது."